மலையில் உட்கார்ந்து அனிமேஷன்: பெரிய ப்ராஜெக்ட் ஃபைல்கள் கெடாமல் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் ஜூன் பிறந்துவிட்டால் கரண்டுக்கு உத்தரவாதம் இல்லை. காற்றில் கற்பூர மரக் கிளை கம்பிமேல் விழும். கரண்ட் போகும், வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையை ஊட்டிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளில் 900 எம்பி பிளெண்டர் (3டி அனிமேஷன் மென்பொருள்) ஃபைலை சேவ் செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும், ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். விளக்கத்துக்கு பிளெண்டரை எடுத்துக்கொள்கிறோம். மற்ற மென்பொருள்களுக்கான குறிப்புகள் பின்னால் வரும். கொடைக்கானலிலும் இதே கதைதான், மழை மாதம் மட்டும் கொஞ்சம் தள்ளி வரும்.

ஃபைல் எந்த நேரத்தில் கெடுகிறது

எடிட் செய்யும்போது டிஸ்க்கில் இருக்கிற ஃபைலுக்கு ஒன்றும் ஆவதில்லை. எழுதப்படும் நேரம்தான் ஆபத்து. பிளெண்டர் இதில் சமர்த்து: பழைய ஃபைல்மேல் நேரடியாக எழுதாது. பெயருக்குப் பின்னால் @ குறி சேர்த்த தற்காலிக ஃபைல் ஒன்றில் முழுவதையும் எழுதிவிட்டு, கடைசியில்தான் பெயரை மாற்றும். கரண்ட் பாதியில் போனால் @ ஃபைல் அரைகுறையாகக் கிடக்கும், பழையது பிழைக்கும்.

ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. 'சேவ் ஆகிவிட்டது' என்று திரையில் வந்த பிறகும் சில வினாடிகள் அந்தத் தகவல் ராமிலேயே காத்திருக்கலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் அதைச் சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் சரியாக இருக்கும், அளவும் 900 எம்பி என்றே காட்டும், உள்ளே மட்டும் வெறும் பூஜ்யங்கள். விண்டோஸ் டிஸ்க்குகளின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் உள்ள ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) ஃபைல் அமைப்பின் கணக்கைத்தான் காப்பாற்றும், ஃபைலுக்குள் இருப்பதற்கு அது பொறுப்பில்லை. எக்ஸ்ஃபேட் வடிவம் போட்ட பென் டிரைவிலும் வெளி டிஸ்க்கிலும் அந்த ஜர்னல்கூடக் கிடையாது. அதனால் வேலை செய்கிற ஃபைல் பென் டிரைவில் இருக்கவே கூடாது.

கரண்டைத் தவிர இன்னும் சில காரணங்கள் உண்டு. டிஸ்க் நிறைந்து ஃபைல் பாதியில் வெட்டுப்படுவது, பழுதான ராம், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வேலை செய்வது, ஒரே ஃபைலை இருவர் திறந்து ஒருவர் சேவ் செய்ததன்மேல் இன்னொருவர் சேவ் செய்வது. கடைசியில் சொன்னதில் ஃபைல் கெடுவதில்லை, ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. ஒரு தடவையில் எழுதப்படும் ஃபைல் சின்னதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதன்மேல் எழுதாமல், புதுப் பெயரில் எழுத வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்கும்தான்.

படி 1: ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

மலை ரயிலை வைத்து நான்கு நிமிடப் படம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல்சக்கரப் பாதை, நீராவி எஞ்சின், பெட்டிகள், பாலங்கள், தேயிலைச் சரிவு, மூடுபனி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, கேமராவை மட்டும் மாற்றி மாற்றி ரெண்டர் செய்வார்கள் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவார்கள்). முப்பதாவது ஷாட்டில் அது 2 ஜிபியைத் தொடும். ஒவ்வொரு சேவுக்கும் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இப்படிப் பிரியுங்கள்:

1. மூலப்பொருள் ஃபோல்டர். எஞ்சினுக்கு ஒரு ஃபைல், பெட்டிக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, டிரைவர் கதாபாத்திரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஷாட் ஃபைல்களுக்குப் போக வேண்டியதை, பொருள்களின் தொகுப்பாகிய ஒரு கலெக்‌ஷனாகக் கட்டிவிடுங்கள்.
2. ஷாட் ஃபோல்டர். ஒரு ஷாட்டுக்கு ஒரு ஃபைல். மூலப்பொருளை இங்கே அப்பெண்ட் (உள்ளே நகலெடுப்பது) செய்யாதீர்கள், லிங்க் (மூல ஃபைலைச் சுட்டுவது மட்டும்) செய்யுங்கள். ரிக் (கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூடு) அசைய வேண்டும் என்றால் லிங்க் செய்த பிறகு லைப்ரரி ஓவர்ரைடு (லிங்க் செய்ததை இந்த ஃபைலில் மட்டும் மாற்ற விடும் வசதி) போடுங்கள். ஷாட் ஃபைலில் கீஃப்ரேமும் (அசைவின் முக்கிய நிலைகள்) கேமராவும் விளக்குகளும் மட்டுமே இருக்கும். பெரும்பாலும் சில எம்பிதான் வரும்.
3. டெக்ஸ்ச்சர் (மேற்பரப்புப் படம்), ஒலி, கேஷ் (கணக்கிட்டுச் சேமித்த சிமுலேஷன்), ரெண்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபோல்டர்.

பெயர் வைக்கும் முறையை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: 'ரயில்_ஷாட்015_அனி_வி007' என்ற வடிவம் போதும். கணினியில் இதை ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டும் வைத்து எழுதுங்கள். தமிழ்ப் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சில ஆட்-ஆன்களும் ரெண்டர் கருவிகளும் அதில் தடுக்கி விழும். எண்ணை மூன்று இலக்கத்தில் எழுதாவிட்டால் 10-வது பதிப்பு 2-வதுக்கு முன்னால் வந்து நிற்கும் இடங்கள் உண்டு. 'ஃபைனல்', 'ஃபைனல்_புதுசு', 'ஃபைனல்_இதுதான்' வேண்டவே வேண்டாம். விண்டோஸில் ஃபோல்டர் பாதை மொத்தம் 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும், ஆழமாக அடுக்காதீர்கள்.

பாதைகளை ரிலேட்டிவாக (ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துச் சுட்டுவதாக) வையுங்கள்: ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா, அதில் மேக் பாத்ஸ் ரிலேட்டிவ். பாதை இரண்டு சாய்கோடுகளில் தொடங்கினால் சரியாக இருக்கிறது என்று பொருள். கோத்தகிரியில் டி டிரைவாக இருந்த டிஸ்க் கோயம்புத்தூரில் ஈ டிரைவானாலும் டெக்ஸ்ச்சர் ஊதா நிறமாக மாறாது.

படி 2: எடையைக் குறையுங்கள்

தேயிலைச் சரிவுதான் பெரும்பாலும் ஃபைலை வீங்க வைக்கும். 8,000 வெர்டெக்ஸ் (வடிவத்தின் மூலைப் புள்ளி) உள்ள ஒரு செடியை ஷிஃப்ட் டி அழுத்தி 3,000 தடவை நகல் எடுத்தால், ஃபைலுக்குள் 2.4 கோடி வெர்டெக்ஸ் உட்காரும். ஒரு வெர்டெக்ஸின் இடத்தைக் குறிக்க மட்டும் 12 பைட். அதுவே 288 எம்பி. விளிம்பு, முகம், யூவி (டெக்ஸ்ச்சர் எங்கே ஒட்டும் என்ற குறிப்பு) எல்லாம் சேர்ந்தால் அதுபோலப் பல மடங்கு. ஆல்ட் டி அழுத்தி எடுத்திருந்தால் 3,000 செடியும் ஒரே மெஷ்ஷை (வடிவ வலையை) பகிர்ந்துகொள்ளும். ஏற்கெனவே தவறாகச் செய்திருந்தாலும் பரவாயில்லை: எல்லாச் செடிகளையும் தேர்ந்தெடுத்து, நல்ல செடியைக் கடைசியாகத் தேர்ந்து, கன்ட்ரோல் எல், லிங்க் ஆப்ஜெக்ட் டேட்டா. பிறகு க்ளீன் அப்-பில் பர்ஜ் அன்யூஸ்டு டேட்டா (பயன்படாதவற்றை நீக்குவது). ஜியாமெட்ரி நோட்ஸில் (வடிவங்களை விதிகளால் உருவாக்கும் வசதி) இன்ஸ்டன்ஸாக, அதாவது ஒரே செடியைச் சுட்டும் பிரதிகளாகத் தூவுவது இதைவிடவும் நல்லது. ஆனால் பிரதிகளை நிஜ மெஷ்ஷாக்கும் ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ் நோடைப் போட்டு அப்ளையும் செய்துவிட்டால் மறுபடி பழைய எடைதான்.

பர்ஜ் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. எதிலும் பயன்படாத ஆக்‌ஷன் (சேமித்த அசைவு), மெட்டீரியல் (மேற்பரப்பின் தன்மை) எல்லாம் போய்விடும். வைத்திருக்க வேண்டியதன் பக்கத்தில் உள்ள கேடயக் குறியை முதலில் அழுத்துங்கள்.

முகபாவனைக்குப் போடும் ஷேப் கீயும் கனமானது. ஒவ்வொரு கீயும் எல்லா வெர்டெக்ஸின் இடத்தையும் முழுதாகச் சேமிக்கும். மூக்கு நுனி மட்டும் அசைந்தாலும் அப்படித்தான். ஒரு லட்சம் வெர்டெக்ஸ், 60 கீ என்றால் 72 எம்பி. தலையைத் தனி மெஷ்ஷாகப் பிரித்தால் இது கணிசமாகக் குறையும். மல்ட்டிரெசல்யூஷன் மாடிஃபயர் (செதுக்குவதற்காக மெஷ்ஷை நுணுக்கமாக்கும் கருவி) ஒவ்வொரு நிலைக்கும் முகங்களை நான்கு மடங்காக்கிச் சேமிக்கும். ஆறாவது நிலையில் 4,096 மடங்கு. செதுக்கி முடித்ததும் டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பாக (மேடுபள்ளத்தைக் குறிக்கும் படமாக) பேய்க் செய்து, அதாவது கணக்கிட்டுப் பதிந்து எடுத்துவிட்டு, செதுக்கிய ஃபைலைத் தனியே வையுங்கள்.

எஞ்சின் புகை, மூடுபனி சிமுலேஷன் எல்லாம் கேஷ் ஃபோல்டருக்குப் போகட்டும். முடிந்த கதாபாத்திர அசைவை அலெம்பிக்காக (அசையும் வடிவத்தை மட்டும் சேமிக்கும் ஃபைல் வகை) எடுத்துவிட்டால் லைட்டிங் ஃபைலில் ரிக்கே தேவைப்படாது. டெக்ஸ்ச்சரை பேக் ரிசோர்சஸ் வழியாக உள்ளே திணிப்பது யாருக்காவது ஒரு தடவை அனுப்பும்போது மட்டும். அன்றாட வேலையில் வேண்டாம்.

படி 3: சேவ் அமைப்புகள்

பிரிஃபரன்ஸஸ், சேவ் அண்டு லோடு பகுதிக்குப் போங்கள்.

சேவ் வெர்ஷன்ஸ் ஆரம்பத்தில் 1 என்று இருக்கும். 10 ஆக்குங்கள். பெயரின் இறுதியில் 1, 2, 3 என்று எண் ஒட்டிய பழைய நகல்கள் அதே ஃபோல்டரில் தங்கும். ஷாட் ஃபைல் சின்னதாகிவிட்டதால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

ஆட்டோ சேவ் 2 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும், அது சரி. எங்கே நடக்கிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அது தற்காலிக ஃபோல்டருக்குப் போகும். பல லினக்ஸ் பதிப்புகளில் கணினி மறுபடி தொடங்கும்போது அந்த ஃபோல்டர் துடைக்கப்பட்டுவிடும். கரண்ட் போனால் கைகொடுக்க வேண்டிய நகல் கரண்ட் வந்ததும் அழிந்துபோகும்! ஃபைல் பாத்ஸ் பகுதியில் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற இடத்தில் உங்கள் சொந்த ஃபோல்டர் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறையும், எந்தப் பெரிய மாற்றத்துக்கு முன்பும், சேவ் ஆஸ் திறந்து எண் பட்டையில் உள்ள கூட்டல் விசையை அழுத்துங்கள். வி007 தானாக வி008 ஆகும். புதிய பதிப்புகளில் சேவ் இன்கிரிமென்டல் என்று மெனுவிலேயே இருக்கிறது.

கம்ப்ரெஸ் தேர்வைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 3.0 பதிப்பு முதல் இசட்-ஸ்டாண்டர்டு முறை வந்ததால் வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுருக்கிய ஃபைலில் ஒரு பைட் கெட்டால் அந்தத் துண்டு முழுவதும் விரியாது. தினசரி வேலையில் அணைத்து வைத்து, காப்பகத்துக்குப் போகும்போது மட்டும் போடலாம் என்பது எங்கள் பரிந்துரை.

டிஸ்க்கில் எப்போதும் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும்.

படி 4: ரெண்டரை வீடியோவாக எடுக்காதீர்கள்

நேராக எம்பி4-ஆக ரெண்டர் செய்தால், 1,400-வது ஃப்ரேமில் கரண்ட் போகும்போது முதல் 1,399-ம் சேர்ந்தே போகலாம். ஃபைலின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். பிஎன்ஜி அல்லது ஓபன் ஈஎக்ஸ்ஆர் படங்களாக எடுத்தால் போவது ஒரு ஃப்ரேம். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸை (செய்துகொண்டிருக்கும் ஃப்ரேமின் பெயரில் வெற்று ஃபைல் வைப்பது) போடுங்கள். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரும், இரண்டு கணினிகள் ஒரே ஷாட்டைப் பங்குபோட்டும் செய்யலாம். கரண்ட் போய் வந்த பிறகு 0 பைட்டில் கிடக்கும் ஃப்ரேம்களை முதலில் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று தாண்டிப் போய்விடும். கடைசி ஓரிரு ஃப்ரேம்களையும் கண்ணால் பாருங்கள்.

இடக் கணக்கு: நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 1,440. 1920×1080 அளவில், நான்கு சேனல் 16 பிட் ஈஎக்ஸ்ஆர் சுருக்காமல் ஒரு ஃப்ரேம் சுமார் 16.6 எம்பி, நிமிடத்துக்கு 24 ஜிபி, நான்கு நிமிடத்துக்கு 96 ஜிபி. லேயர்கள் சேரச் சேரப் பெருகும். தரம் குறையாத ஜிப் சுருக்கம் போட்டால் இதற்குக் கீழே வரும்.

படி 5: கரண்ட், குளிர், ஈரம்

யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண 600 விஏ பெட்டி தாங்குவது 360 வாட் அளவுதான். ரெண்டர் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 250, பிராசஸர் 120, மானிட்டர் 30, மற்றவை 50 என்று 450 வாட்டைத் தொட்டால், கரண்ட் போன அந்த நொடியே யூபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும். 1,500 விஏ, 900 வாட் வகை நிம்மதி. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் அமைப்பு) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்திருந்தால் ப்யூர் சைன் வேவ் (சீரான மின்னலை) என்று கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி கேபிளை இணைத்து, பேட்டரி குறைந்தால் கணினி தானே அணையும்படி அமையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறது என்றால், அதன் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று அசட்டையாக இருப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். தனி அடாப்டர் வைத்த 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்கு அந்த பேட்டரி உதவாது. டிஸ்க், நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். யூபிஎஸ்ஸில் ரூம் ஹீட்டர் கூடவே கூடாது. 2,000 வாட் ஹீட்டரைக் கணினி இருக்கும் அதே லைனில் போடுவதும் வோல்டேஜைச் சரிக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது. ஹார்டு டிஸ்க்கின் தலை காற்று மெத்தைமேல் மிதப்பதால் மலையில் கெட்டுவிடும் என்பார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நிறுவனங்கள் தரும் வரம்பு சுமார் 3,000 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். பயம் வேண்டாம்.

ஈரம் அப்படியல்ல. ஜனவரி விடியற்காலை ஊட்டியில் காரின் டிக்கியில் வைத்த டிஸ்க் சில்லென்று இருக்கும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி வெக்கைக் காற்றில் பையைத் திறந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல் அதுவும் வியர்க்கும், உள்ளேயும்தான். காற்றுப் புகாத கவரில் மூடியபடியே இரண்டு மணி நேரம் அறையில் வைத்த பிறகு திறந்து இணையுங்கள். கீழிருந்து மேலே கொண்டு வரும்போது இந்தத் தொல்லை இல்லை. பொருள் சூடாகவும் காற்று குளிராகவும் இருந்தால் நீர் கோக்காது.

பேக்கப் டிஸ்க்குகளை இறுக மூடும் டப்பாவில், சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் வெளிர் ரோஜாவானால் ஈரம் நிறைந்துவிட்டது. ஜூலை ஊட்டியில் வெயிலில் காயவைப்பது நடக்கிற காரியமில்லை. அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும்.

மாதம் ஒருமுறை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பவை) பாருங்கள். 05, சி5 வரிசைகளில் எண் ஏறினால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரம். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. நூறு இருநூறு ரூபாயோடு முடியும். காரணமே இல்லாமல் ஃபைல்கள் அடிக்கடி கெட்டால், மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு ராமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை நம்பாதீர்கள்.

படி 6: நகல்களும் மலைப்பாதையும்

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். இங்கே 'வெளியூர்' என்றால் அடுத்த தெரு இல்லை, மலைக்குக் கீழே. மண்சரிவில் குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி உண்டு, இரண்டும் அடைபட்ட நாட்களும் உண்டு. அதனால் வாரம் ஒருமுறை இணையம் வழியாகவும் அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. மூலப்பொருள், ஷாட் ஃபைல், டெக்ஸ்ச்சர், ஒலி கட்டாயம். கேஷ் வேண்டாம், மறுபடி பேய்க் செய்துகொள்ளலாம். ரெண்டர் ஃப்ரேம்கள் உள்ளூர் டிஸ்க்கில் மட்டும் போதும். 40 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடில் அனுப்ப நாலரை மணி நேரம் ஆகும், லைன் அறுபடாமல் இருந்தால். செவன்-ஜிப்பில் 2 ஜிபி துண்டுகளாக வெட்டி அனுப்பினால், அறுபட்டாலும் அந்த ஒரு துண்டைத்தான் மறுபடி அனுப்ப வேண்டும். கூடவே ஷா-256 கணக்கு (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து வரும் கைரேகை எண்) பட்டியல் ஒன்றையும் வையுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை அதைத் தரும். அங்கே எடுத்த எண்ணும் இங்கே எடுத்த எண்ணும் ஒன்றானால் ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைஃபை வழியாக நாஸில் நேரடியாக ஃபைலைத் திறந்து வேலை செய்யாதீர்கள். உள் எஸ்எஸ்டியில் வேலை, முடிந்ததும் நாஸுக்கு நகல். ரெய்டு (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும் முறை) இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு: கெட்ட ஃபைலை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் அதே கெட்ட நிலையில் பத்திரமாக வைத்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஃபைல் அமைப்பு போட்ட நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) எடுத்தால்தான் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியும்.

மற்ற மென்பொருள்கள்

மாயாவில் மாயா பைனரி (எம்பி) என்ற ஃபைல் வகைக்குப் பதில் மாயா ஆஸ்கி (எம்ஏ) வகையில் சேவ் செய்யுங்கள். அது வெறும் உரை. கெட்டுப்போனாலும் நோட்பேட் போன்றதில் திறந்து பழுதான வரிகளை நீக்க வழி இருக்கிறது. ஓபன்டூன்ஸில் டிஎல்வி (ஓவியம் உள்ள) ஃபைலை நகலெடுக்கும்போது பக்கத்தில் உள்ள டிபிஎல் ஃபைலையும் எடுக்க வேண்டும், வண்ணமெல்லாம் அதில்தான். டூன் பூம் ஹார்மனியில் ப்ராஜெக்ட் என்பது முழு ஃபோல்டர். சீன் ஃபைலை மட்டும் அனுப்பினால் வெற்றுக் காட்சிதான் போய்ச் சேரும். கிரிட்டாவின் கேஆர்ஏ உண்மையில் ஒரு ஜிப் மூட்டை: திறக்காவிட்டால் பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றி விரித்துப் பாருங்கள், சேர்த்த படமாவது கிடைக்கலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கலெக்ட் ஃபைல்ஸ் வழியாகத்தான் இடம் மாற்ற வேண்டும்.

கெட்டேவிட்டது என்றால்

1. எதையும் சேவ் செய்யாதீர்கள். கெட்ட ஃபைலையும், எண் ஒட்டிய பழைய நகல்களையும், @ ஃபைலையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இனி நகலில்தான் வேலை.
2. அளவைப் பாருங்கள். 0 பைட் என்றால் அதில் ஒன்றுமில்லை. அளவு சரியாக இருந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) திறங்கள். சுருக்காத ஃபைல் 'பிளெண்டர்' என்ற ஏழு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தொடங்கும். வரிசையாக 00 மட்டுமே இருந்தால் மேலே சொன்ன பூஜ்ய வியாதி. எந்த மென்பொருளும் அதை மீட்காது, நேரத்தை வீணாக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.
3. எண் 1 ஒட்டிய நகலின் கடைசி எண்ணை நீக்கிப் பெயர் மாற்றித் திறங்கள். பிறகு ரெக்கவர் மெனுவில் ஆட்டோ சேவ் பட்டியலைத் தேதி பார்த்துத் தேடுங்கள்.
4. ஃபைல் திறந்த உடனே பிளெண்டர் மூடிக்கொண்டால், பைட்டுகள் நன்றாக இருந்து உள்ளே ஏதோ ஒன்று மட்டும் கோளாறாக இருக்கலாம். ஃபேக்டரி அமைப்புக்கு மாற்றி, ஆட்-ஆன்கள் இல்லாமல், ஓப்பன் பெட்டியில் லோட் யூஐ குறியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.
5. அதுவும் சரிவராவிட்டால் புதிய வெற்று ஃபைலில் அப்பெண்ட் திறந்து, கெட்ட ஃபைலுக்குள் போய், கலெக்‌ஷன்களில் பாதியை மட்டும் எடுங்கள். வந்தால் மீதிப் பாதியில்தான் கோளாறு. அதையும் பாதியாக்குங்கள். 32 கலெக்‌ஷன் இருந்தால் ஐந்து தடவைக்குள் அந்த ஒன்று அகப்பட்டுவிடும். சீன் மொத்தத்தையும் அப்பெண்ட் செய்யாதீர்கள், கோளாறும் கூடவே வந்துவிடும்.
6. ஆக்‌ஷன்களைத் தனியாக அப்பெண்ட் செய்யுங்கள். மெஷ்ஷும் ரிக்கும் மூலப்பொருள் ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஷாட்டில் மீட்க வேண்டியது அசைவு மட்டும்தான். ரிக்கை மறுபடி லிங்க் செய்து ஆக்‌ஷனைப் பூட்டினால், எலும்புப் பெயர்கள் மாறாதவரை ஷாட் பழையபடி ஓடும்.